டவுன்ஹாலை இழுங்கய்யா, ஜிம்முக்கு அப்புறம் போலாம்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி புடுங்கற வேலை ஜாஸ்தி. இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா நேத்து ராத்திரி ஒரு விஷயம் கேள்விப்பட்டு வயிறு எரிஞ்சு போச்சு. எழுதித் தொலைக்கலைன்னா தூக்கம் வராது.

விஷயம் இதான். என் ரூம்மேட் (பேரு வேண்டாம், பய இதைப் படிப்பான், மாப்ளன்னே வெச்சுக்குவோம்) தன்னோட விண்ட்சர்ஃபிங் சாமானை எல்லாம் விக்கறதுக்கு விளம்பரம் போட்டுட்டான். போர்டு, பாய், மாஸ்ட், பூம், வெட்சூட், ஒண்ணு விடல. "அதிகம் பயன்படுத்தாதது"ன்னு வேற எழுதியிருக்கான். அது என்னவோ உண்மைதான். வாங்கி பதினோரு மாசம் ஆச்சு, தண்ணியில இறங்கினது பன்னெண்டு தடவை. ஏண்டான்னு கேட்டா, "நமக்கு உடம்பு பத்தாது மச்சி. கரையில எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஜிம்முக்குப் போய் கையில கொஞ்சம் சதை போட்டுட்டு அப்புறம் பாக்கலாம்"ங்கறான்.

மாப்ள 61 கிலோ. நான் அவனை விட ரெண்டு கிலோ கம்மி. இதே வசனத்தை இதே கரையில நானும் ஒரு வருஷம் கேட்டவன். கேட்டதோட நிக்காம நம்பி, டம்பெல் வாங்கி, அது இப்போ கட்டிலுக்கு அடியில தூசி தின்னுட்டு இருக்கு. ஆகையினால் மகாஜனங்களே, இது ஒரு கொலைவெறிப் பதிவு. கடல் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம், தப்பில்ல. "உனக்கு உடம்பு பத்தாது", "உனக்கு மூளை பத்தாது"ன்னு யாராவது சொல்லி எதையாவது பாதியில விட்டவங்க கண்டிப்பா படிக்கலாம்.

விண்ட்சர்ஃபிங் தெரியாதவங்களுக்கு நாலு வரி. ஒரு பலகை. அது மேல ஒரு பாய்மரம், அதுல ஒரு பாய். பாய்மரம் பலகையில ஆணியடிச்ச மாதிரி நிக்காது. அடியில எந்தப் பக்கமும் சாயற ஒரு மூட்டு இருக்கும். சுக்கான் கிடையாது. பூம்னு ஒரு வளைஞ்ச கம்பியைப் புடிச்சுக்கிட்டு, பாயை முன்னாடி பின்னாடி சாய்ச்சே திசையை மாத்தணும். ஜிம் டிரேக்குங்கற விமான இன்ஜினியரும் ஹாயில் ஷ்வைட்சரும் 1968ல இதே கலிஃபோர்னியாவுலதான் இதுக்குப் பேடண்ட் கேட்டு விண்ணப்பம் போட்டாங்க. அப்புறம் பார்த்தா, இங்கிலாந்துல பீட்டர் சில்வர்ஸ்னு ஒரு பன்னெண்டு வயசுப் பையன் 1958லயே அந்த மாதிரி ஒண்ணைக் கட்டி ஓட்டியிருக்கான்னு 1985ல அங்க கோர்ட்டுல பேடண்ட் செல்லாம போச்சு. அது தனிக் கதை, இன்னொரு நாள் பிரிச்சு மேயலாம்.

இப்போ மேட்டர். இந்தப் பாயை விறைப்பா வெக்கறதுக்கு முக்கியமான கயிறு ரெண்டு. ஒண்ணு டவுன்ஹால், இன்னொண்ணு அவுட்ஹால். (கோயமுத்தூர்க்காரங்க உடனே மணிக்கூண்டுக்கு பஸ் ஏற வேண்டாம். இது வேற டவுன்ஹால்.) டவுன்ஹால் பாயோட அடி மூலையை மாஸ்ட்டோட அடியைப் பாத்து கீழே இழுக்கற கயிறு. அவுட்ஹால் பின் மூலையை பூமோட கடைசி வரைக்கும் வெளிப்பக்கமா இழுக்கற கயிறு. கேட்டா ரெண்டும் ஒரே மாதிரி, பாயை டைட் பண்ற சமாசாரம்னு தோணும். நானும் அப்படித்தான் நெனச்சேன். அங்கதான் எல்லாப் பிரச்சினையும் ஆரம்பம்.

டவுன்ஹாலை இழுத்தா பாய் டைட் ஆகறது பாதிக் கதை. மாஸ்ட் வில்லு மாதிரி வளையும், முக்கியமா அதோட மேல் பாதி. மாஸ்ட் வளைஞ்சதும் பாயோட பின் ஓரம், லீச்னு சொல்வாங்க, மேல் பக்கம் தொளதொளன்னு ஆயிடும். கீழே இழுக்க இழுக்க மேலே லூஸாகும். முரணா இருக்கா? இதுதான் சூட்சுமமே. அவுட்ஹால் செய்யறது வேற வேலை. பாயோட கீழ்ப் பாதியில வயிறு எவ்வளவு உப்பணும்னு அதுதான் முடிவு பண்ணும். விட்டா தொப்பை, இழுத்தா தட்டை. தொப்பை இருந்தா பவர், தட்டையா இருந்தா கண்ட்ரோல்.

மேலே ஏன் தொளதொளன்னு இருக்கணும்? உங்க வீட்டு பிரஷர் குக்கரை நெனச்சுக்கோங்க. ஆவி அதிகமானா வெயிட் தூக்கிக்கும், புஸ்ஸுன்னு விட்டுட்டு மறுபடி உக்காரும். காத்துல திடீர்னு ஒரு அடி வந்தா, லூஸா இருக்கற மேல் பாகம் ஒரு பக்கமா முறுக்கித் திறந்து, அதிகப்படி காத்தை வெளியே விட்டுட்டு மூடிக்கும். இந்த வேலையை உங்க கை செய்ய வேண்டியதில்ல, பாயே செய்யும். டவுன்ஹாலைக் கம்மியா இழுத்த பாயில மேல் பாகம் மூடியே இருக்கும். வெயிட் மேல ஒருத்தன் கை வெச்சு அமுக்கிட்டிருக்கற குக்கர். அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும்?

நான் ஓட்டறது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுல, சான் மடேயோ பக்கத்துல கயோட்டி பாயிண்ட்னு ஒரு இடம். தலைக்கு மேல ஏர்போர்ட்டுக்கு விமானம் இறங்கிட்டே இருக்கும். இங்க காத்து வர்ற விதமே தனி. கோடையில உள்நாட்டுப் பள்ளத்தாக்கு, சாக்ரமெண்டோ பக்கம், அடுப்பு மாதிரி கொதிக்கும். பசிபிக் கடலோ ஜூலைலயும் ஜில்லுன்னு கிடக்கும். உள்ளே சூடான காத்து மேலே போக, கடல்லேர்ந்து குளிர்ந்த காத்து மலைகளுக்கு நடுவுல கிடைக்கற சந்துல எல்லாம் பூந்து ஓடி வரும். கோல்டன் கேட் ஒரு சந்து. சான் புரூனோ மலைக்குத் தெக்கால இருக்கற பள்ளம் இன்னொரு சந்து. அது வழியா வர்றதுதான் எங்க ஊர்க் காத்து. காலையில இலை அசையாது. மத்தியானம் எழுந்திருக்கும். சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குப் பேயாட்டம் ஆடும். அதாவது இங்க காத்து மாறறது எப்பவோ நடக்கற விபத்து கிடையாது, தினப்படி டைம்டேபிள். மூணு மணிக்குக் கட்டின பாயோட அஞ்சு மணிக்கும் ஓட்டினா, நீங்க ஓட்டறது தப்பான பாய்.

இனி என் கதை. போன வருஷம் ஜூன்ல ஒரு சனிக்கிழமை. என்கிட்ட இருந்தது ஒரே ஒரு பாய், 5.5 சதுர மீட்டர், செகண்ட் ஹேண்ட். வித்தவர் கட்டிக் காமிச்சார், நானும் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன். ஒரு சுருக்கம் இல்லாம, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. அன்னிலேர்ந்து அந்தப் போட்டோவைப் பாத்துதான் கட்டுவேன். அன்னிக்கும் அப்படியே கட்டினேன். கரையில நின்ன ஒருத்தர் "நல்லா இருக்கே"ன்னு பாராட்டு வேற. நான் இறங்கும்போது காத்து 14 நாட். ஜாலியா ஒரு மணி நேரம் போச்சு. நாலே காலுக்கு அது 22 நாட்.

முதல்ல பின்கை வலிக்க ஆரம்பிச்சுது. பூமைப் புடிச்சிருக்கற ரெண்டு கையில, பின்னாடி இருக்கற கையை மட்டும் யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி. பாயைத் திறந்து விட்டா படபடன்னு அடிச்சுது, மூடினா தூக்கி அடிச்சுது. நடுவுல ஒரு நிலை கிடைக்கவே இல்ல. ஒரு அடி வந்துது பாருங்க, இடுப்புல இருக்கற ஹார்னஸ் கொக்கியோட சேர்த்து என்னைக் கவண்கல் மாதிரி முன்னாடி தூக்கி எறிஞ்சுது. தாடை மாஸ்ட்ல இடிச்சு ரெண்டு தையல். அதுக்கப்புறம் கையில பிடியே இல்ல. காத்துக்கு எதிர்ல திரும்பிப் போக முடியாம, பலகை மேல உக்காந்து, அடிச்சுக்கிட்டே போய் ஃபாஸ்டர் சிட்டி பக்கம் தேர்ட் அவென்யூ கரையில ஒதுங்கினேன். தண்ணியில முக்கால் மணி நேரம். வீட்டுக்குத் தெரியாது. (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கற தைரியம்தான்.)

மாப்ள காரை எடுத்துட்டு வர்ற வரைக்கும் ரெண்டு மணி நேரம் கரையில சும்மா உக்காந்திருந்தேன். போன் காரிலேயே கிடந்துது. படிக்க ஒண்ணும் இல்லாததால பாயோட அடியில சின்னதா அச்சடிச்சிருந்ததைப் படிச்சேன். லஃப் 426, பூம் 174, மாஸ்ட் 400. ஒரு வருஷமா கையில வெச்சிருக்கேன், ஒரு தடவை கூடப் படிச்சதில்ல. இன்ஜினியராம்! லஃப்னா பாயோட முன் ஓரத்து நீளம், மாஸ்ட்டை ஒட்டி இருக்கறது. மாஸ்ட் 400, அடியில சொருகற எக்ஸ்டென்ஷன் 26, கூட்டினா 426. சரி, எக்ஸ்டென்ஷன்ல 26தான் வெச்சிருக்கேன். ஆனா குனிஞ்சு பாத்தா, பாயோட அடிக் கப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் கப்பிக்கும் நடுவுல நாலு சென்டிமீட்டர் இடைவெளி. ரெண்டும் கிட்டத்தட்ட முட்டிக்கிட்டு இருந்திருக்கணும். அந்த நாலு சென்டிமீட்டர் டவுன்ஹாலை நான் இழுக்கவே இல்ல. ஏன் இழுக்கல? இழுத்தா மேலே சுருங்குது, பாக்க நல்லா இல்ல!

அடுத்த சனிக்கிழமை தாடையில பிளாஸ்திரியோட போய், அந்த நாலு சென்டிமீட்டரையும் இழுத்தேன். சொல்ற மாதிரி சுலபம் இல்ல. கப்பிக்குள்ள கயிறு ஆறு சுத்து, அதனால பாய் நாலு சென்டிமீட்டர் கீழே வரணும்னா கையில 24 சென்டிமீட்டர் கயிறு வரணும். உராய்வு வேற பாதியைத் தின்னுடும். வெறுங்கையால இழுத்தா விரல்தான் அறுபடும். தரையில உக்காந்து, எக்ஸ்டென்ஷன் அடியில காலைக் குடுத்து, கயிறை ஒரு ஸ்க்ரூடிரைவர்ல சுத்தி, முதுகை வளைக்காம காலால தள்ளணும். (இதுக்குன்னே கைப்பிடி விக்கறாங்க. வாங்கிடுங்க, ஸ்க்ரூடிரைவர் ஒரு நாள் நழுவும்.) இழுத்து முடிச்சா பாய் பாக்கவே சகிக்கல. மேல மூணு பட்டைக்கு நடுவுல துவைச்சுப் பிழியாம காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்குது. போன வாரம் பாராட்டின அதே மனுஷன் வந்து "ஓவரா இழுத்துட்டே, பவரே இருக்காது"ன்னாரு. அன்னிக்கும் காத்து இருபதுக்கு மேல. அதே கை, அதே 59 கிலோ, அதே பழைய பாய். பின்கையில பாரமே இல்ல. அடி வரும்போது மேலே பட்டுன்னு திறந்து மூடறது கண்ணுல தெரியுது, பலகை முன்னாடி பாயுது. உடனே நான் ஹீரோ ஆயிட்டேன்னு நினைக்காதீங்க, திரும்பறப்போ எல்லாம் வழக்கம் போல குப்புற விழுந்தேன். ஆனா கிளம்பின இடத்துக்கே நானே திரும்பி வந்தேன்.

இப்போ சண்டைக்கு வரேன்.

முதல் சண்டை "அழகா இருக்கு" கோஷ்டியோட. சுருக்கமில்லாத பாய்தான் நல்ல பாய்ங்கறது ஒரு காலத்துல சரியா இருந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பாய் வேற, மாஸ்ட் வேற. 1990களிலேயே வடிவமைப்பு மாறிடுச்சு. மேல் ஓரம் லூஸா இருக்கணும்னே வெட்டித் தைக்கறாங்க. சில கம்பெனிக்காரங்க பாயோட மேல் பாகத்துல குறியே போட்டிருக்காங்க, சுருக்கம் குறைஞ்சபட்சம் இது வரைக்கும், அதிகபட்சம் இது வரைக்கும்னு. தெச்சவனே எழுதிக் குடுத்திருக்கான். அதைப் படிக்காம கண்ணால பாத்துத் தீர்ப்பு சொல்றது என்ன நியாயம்? கரையில படுத்துக் கிடக்கற பாயில காத்து இல்ல சாமி. காத்து இல்லாத பாயோட அழகு, ஷோரூம்ல நிக்கற காரோட மைலேஜ் மாதிரி.

ரெண்டாவது கோஷ்டி இன்னும் மோசம், ஏன்னா அவங்க பாதி சரி. காத்து ஏறினா "அவுட்ஹாலை இழு"ம்பாங்க. இழுக்கறது சுலபம், பூம் கடைசியில ஒரு இழு, முடிஞ்சுது. டவுன்ஹாலுக்கு உக்காரணும், காலைக் குடுக்கணும், முக்கணும். சுலபமா இருக்கறதை மட்டும் செஞ்சுட்டு கஷ்டமானதைத் தள்ளிப் போடறது மனுஷ சுபாவம். நம்ம கோடுலயும் அப்படித்தானே? அடிப்படையில இருக்கற பிழையைத் தொடாம மேல ஒரு ஒட்டுப் போட்டு ரிலீஸ் பண்ணுவோம். டவுன்ஹால் பத்தாத பாயில அவுட்ஹாலை மட்டும் இழுத்தா, கீழ்ப் பாதி பலகை மாதிரி தட்டையாகும், மேல் பாதி அப்படியே மூடிக்கிட்டு நிக்கும். பவர் எல்லாம் தலைக்கு மேல. நெம்புகோல் தெரிஞ்ச எட்டாங்கிளாஸ் பையன் கூட சொல்லுவான், உயரத்துல இழுத்தா ஆளைக் கவுக்கறது சுலபம்னு. என்னைக் கவண்கல் ஆக்கினது காத்து மட்டும் இல்ல. அன்னிக்கு 14லேர்ந்து ஏறும்போது நான் கரைக்கு வந்து அவுட்ஹாலை ரெண்டு தடவை இழுத்தேன். ரெண்டு தடவையும் நிலைமை மோசமாச்சு.

வரிசை ரொம்பச் சின்னது. காத்து ஏறுதா, முதல்ல டவுன்ஹால் ஒரு சென்டிமீட்டர், ரெண்டு சென்டிமீட்டர். அப்புறம் அவுட்ஹால் ரெண்டு, மூணு. காத்து இறங்குதா, தலைகீழ்: முதல்ல அவுட்ஹாலை விடு, பாய் பூமைத் தொடறதுக்குக் கிட்ட வர்ற வரைக்கும். டவுன்ஹாலைக் கடைசியில, அதுவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல வேண்டாம். இறங்கற காத்துக்கு டவுன்ஹாலை தாராளமா விட்டா, பாயோட வயிறு பின்னாடி நகர்ந்து போய் மறுபடி பின்கையைப் புடிச்சு இழுக்கும். அடுத்த அடி வரும்போது தெரியும் சேதி. கையே மீட்டர். பின்கை பாரமா இருந்தா டவுன்ஹால் பத்தல. முன்கை மட்டும் பாரம், பாய் உயிரில்லாம இருந்தா ஓவரா இழுத்திருக்கே. ரெண்டு கையும் ஒரே மாதிரி பாரம், கயிறு ரெண்டும் எல்லை வரைக்கும் இழுத்தாச்சு, அப்பவும் தாங்கலைன்னா மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்கு வா. ஹார்னஸ் கயிறை நகர்த்தறதெல்லாம் இதுக்கு அப்புறம்தான். பாயைத் தப்பாக் கட்டிட்டு ஹார்னஸை நகர்த்தறது, தலைவலிக்குக் கண்ணாடி மாத்தற கதை.

மூணாவது கோஷ்டி வேன் கோஷ்டி. "பெருசா அடிக்குதா? சின்னப் பாய் போட்டுக்கோ." வேன் பின்கதவைத் திறந்தா உள்ள அஞ்சு பாய், மூணு மாஸ்ட். ஐயா, நாங்க விசாவுல இருக்கறவங்க. ஒண்ணரை பெட்ரூம்ல மூணு பேர், ஒரு பழைய செடான், அதுக்குள்ள மாஸ்ட்டை டேஷ்போர்டுலேர்ந்து பின் கண்ணாடி வரைக்கும் படுக்க வெச்சுட்டுப் போறோம். ஒவ்வொரு பாயும் பல நூறு டாலர், அதுக்கு ஏத்த மாஸ்ட் தனி.

சரி, காசு கதையை விடுங்க, கணக்குக்கு வாங்க. காத்தோட விசை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 14 நாட் 22 ஆனா வேகம் ஒண்ணரை மடங்குதான் ஏறின மாதிரி தெரியும். விசை கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு. பாயோட அளவை மட்டும் குறைச்சு இதைச் சமாளிக்கணும்னா, 5.5 பாய்க்குப் பதிலா 2.2 சதுர மீட்டர் பாய் கட்டணும். அது குழந்தைங்க பாய். வேன்காரர் அப்படியா கட்டறார்? 4.5 கட்டறார். மிச்சக் கணக்கை யார் அடைக்கறது? மேலே திறந்து விடற லீச்சும், தட்டையாக்கற அவுட்ஹாலும், அவரோட டெக்னிக்கும்தான். அவரே கயிறை நம்பித்தான் ஓட்டறார். நமக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேங்கறார். வேணும்னே மறைக்கறார்னு நான் சொல்லல, முப்பது வருஷமா இழுத்து இழுத்துக் கைப்பழக்கமாகி, தான் செய்யறது தனக்கே தெரியாம போயிருக்கும்.

ஒலிம்பிக்ஸ் பாருங்க. 1996லேர்ந்து 2004 வரைக்கும் மிஸ்ட்ரல் வகுப்பு, எல்லாருக்கும் 7.4 சதுர மீட்டர். 2008லேர்ந்து டோக்கியோ வரைக்கும் ஆர்எஸ்எக்ஸ், ஆம்பளைங்களுக்கு 9.5, பொம்பளைங்களுக்கு 8.5. காத்து தூங்கி வழிஞ்சாலும் அதே பாய், மரத்தைப் பேத்தாலும் அதே பாய். சின்னதை மாத்திக்கறேன்னு சொல்ல முடியாது, விதி அப்படி. அவங்க கையில இருந்தது கயிறும் உடம்பும்தான். 9.5 பாய்! நம்மளோடது 5.5.

இப்போ நாலாவது, எனக்கு உண்மையிலேயே கோபம் வர்ற கோஷ்டி. "உடம்பு பத்தாது" கோஷ்டி. நியாயமா ஒண்ணு ஒத்துக்கறேன். எடை முக்கியம்தான். 85 கிலோ ஆள் 5.5 கட்டற காத்துல 60 கிலோ ஆளுக்கு அதை விடச் சின்னது போதும், வேணும். மாப்ளயோட பாய் 6.0, அவன் எடைக்கு எங்க ஊர்ச் சாயங்காலக் காத்துல அது பெருசுதான், அதையும் ஒத்துக்கறேன். ஆனா அது ஆரம்பத்துல எந்த அளவு வாங்கறதுங்கற கேள்வி. அதை எடுத்துட்டு வந்து "உன் கையில பலம் இல்ல"ன்னு மாத்திச் சொல்றது வேற விஷயம். விசை ரெண்டரை மடங்கு ஏறுது, எந்த ஜிம்ல என் கையை ரெண்டரை மடங்காக்கித் தருவாங்க? 90 கிலோ பயில்வானோட கையும் அந்தப் பாரத்தைத் தாங்கிட்டு ரெண்டு மணி நேரம் நிக்காது. அவருக்கும் தாங்கறது ஹார்னஸும் உடம்போட சாய்வும்தான். பின்கை வலிக்கறது பாயோட பிழை. அதை ஆளோட பிழைன்னு சொல்றது, சர்வர் கவுந்தா உபயோகிக்கறவனைத் திட்டற மாதிரி.

இன்னொண்ணும் கவனிச்சேன். அதே கரையில ஒரு 85 கிலோ ஆள் தடுமாறினா "உன் ரிக் சரியில்ல, பாக்கறேன் இரு"ன்னு ரெண்டு பேர் குனிஞ்சு கயிறைப் பாப்பாங்க. நானோ மாப்ளயோ தடுமாறினா நேரா கையைப் பாப்பாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, அன்பாத்தான் சொல்றாங்க, தட்டியெல்லாம் குடுப்பாங்க. அதனாலதான் திருப்பிச் சண்டை போடவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல. ஒல்லியா இருக்கறவனுக்கு உடனே ஒரு காரணம் ரெடியா கிடைச்சுடுது, அதுக்கப்புறம் கயிறு பக்கம் யாரும் போறதில்ல. நாமளும்தான். நான் ஒரு வருஷம் பாயைப் படிக்காம டம்பெல்லைப் படிச்சேனே, அதுக்கு யாரைத் திட்டறது?

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இந்த அறிவு எனக்கு ஏழு வயசுல இருந்துது. வியாசர்பாடியில மொட்டை மாடியில காத்தாடி விட்ட பயலுக சொல்லுங்க, சூத்திரம் போடாம காத்தாடி விட்டோமா? காத்து ஜாஸ்தியா இருந்தா முடிச்சைக் கொஞ்சம் நகர்த்துவோம், கம்மியா இருந்தா இன்னொரு பக்கம் நகர்த்துவோம். ஒரு விரக்கடை கூட இல்ல, நகக்கண் அளவு. காத்தாடி குத்துக்கரணம் போட்டா சூத்திரத்தைத்தான் திட்டுவோம். "உன் கையில பலம் இல்லடா"ன்னு எந்த அண்ணனும் சொன்னதில்ல. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, கடல் தாண்டி வந்து, ஒரு பெரிய காத்தாடியைக் கையில குடுத்ததும் எல்லாம் மறந்து போச்சு.

இந்த விளையாட்டுல இப்போ ஆளே குறைஞ்சுட்டாங்க. பாதிப் பேர் விங் ஃபாயில் பக்கம் போயிட்டாங்க. கரையில புதுசா ஒரு ஆள் வர்றதே அபூர்வம். அப்படி வர்றவனை நாலு சென்டிமீட்டர் கயிறுக்காகத் திருப்பி அனுப்பறாங்கன்னா, வேன்ல இருக்கற அஞ்சு பாயையும் நாளைக்கு யாருக்கு விப்பாங்களாம்?

ராத்திரி மாப்ள தூங்கினதும் அவன் பாயை ஹால்ல விரிச்சு, டேப்பை வெச்சு அளந்தேன். பாயில அச்சடிச்சிருக்கறது லஃப் 442. அவன் எக்ஸ்டென்ஷன்ல வெச்சிருக்கற குறிப்படி மாஸ்ட் 430, மேல 8. முழுசா இழுத்தாலும் 438தான் வரும், அதுக்கு மேல போக எக்ஸ்டென்ஷன்லயே இடம் இல்ல. பன்னெண்டு தடவையும் நாலு சென்டிமீட்டர் கம்மியிலதான் பய செத்துப் பொழைச்சிருக்கான். குறியை 12க்கு மாத்தி வெச்சுட்டேன்.

மாப்ள, படிக்கறியா? விளம்பரத்தை ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிறுத்தி வை. சனிக்கிழமை மூணு மணிக்குக் கிளம்பறோம். கைப்பிடி நான் எடுத்துட்டு வரேன், காலைக் குடுத்து இழுக்க வேண்டியது நீ. தாங்கலைன்னா 6.0ஐ வெச்சுட்டு என் 5.5ஐ எடுத்துக்கோ, நான் கரையில உக்காந்து போட்டோ எடுக்கறேன். அதுக்கப்புறமும் விக்கணும்னா வித்துக்கோ, நானே வந்து விலை பேசித் தரேன்.